அடுத்த கொல்லம்

ஓணத்துக்கு உறை கொடுத்தபோது
பட்டியலில் என் பெயர் இல்லை.
"நிங்கள்க்கு தீபாவளிக்கல்லே" என்றார் சசீந்திரன்.
சரிதான் என்று
வாளையாறுக்கு இந்தப் பக்கத்துப் பண்டிகைக்குக் காத்திருந்தேன்.

தீபாவளிக்கு உறை வந்தது.
பிரிக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.
பதினோரு வருடமாக
கஞ்சிக்கோடு இரும்பாலை எடைமேடையில்
லாரி நிறுக்கிற கை.

இரண்டாயிரத்து ஐந்நூறு.
கூடவே கால்கிலோ மைசூர்பா,
பாதி தூள்.

"பாதிதான் ஓணத்துக்கே கொடுத்தாச்சே" என்றாள்
கணக்குப்பிரிவு ஷைலஜா,
யாருக்கு என்று பார்க்காமல்.

கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அழுதேன் என்று சொல்லமாட்டேன்.
குழாய் திறந்திருந்தது.

அந்தப் பணத்தை நான் செலவழித்து ஒரு மாதம் ஆகியிருந்தது:
சாவடி அடகுக்கடையிலிருந்து தோடு,
பையனுக்குக் கண்ணாடி,
மாடித் தொட்டிக்கு ஏற்றாத மோட்டாருக்குப் பதில்
ஒரு புது மோட்டார்.
மனசில் வாங்கிய ஒவ்வொன்றையும்
கடைகடையாய்த் திருப்பிக் கொடுத்தபடி
சாயங்கால ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

காட்டுக்குள் வண்டி ஊரும்.
யானை கடக்கிற இடம்.
அன்றைக்கு யானை இல்லை,
இருந்தும் ஊர்ந்தது.
"விட்டுத்தள்ளுங்கக்கா, நமக்கு வாய்ச்சது அவ்வளவுதானுங்"
என்றான் எதிர் இருக்கை நாச்சிமுத்து.
அவன் உறையில் ஆயிரத்து எண்ணூறு.
நான் மைசூர்பா அட்டையைக் கிழித்து
பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

ராஜப்பன் ஓய்வுபெற்று ஒன்றரை வருடம்,
அவர் நாற்காலிக்கு ஆள் போடவில்லை,
அவர் லாரிகளும் என் மேடையில்தான்.
மே மாதம், பழைய இரும்புக்கு அடியில்
நனைந்த மணல், ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
பிடித்தது யார், ரசீதில் கையெழுத்து யாருடையது.
பக்கத்து ஆலையில் இதே வேலைக்கு என்ன சம்பளம்.
(இதைக் கேட்டறிய மூன்று டீ செலவு.)

திங்கட்கிழமை அட்டையோடு போனேன்.
வழியெல்லாம் ஒரு சொல்லை ஒத்திகை பார்த்தேன்: போரா.
எங்கள் ஊரில் போறாது.
ஒரே சொல்தான்,
கணவாய் தாண்டும்போது வால் உதிர்ந்திருக்கிறது.

"போனஸ் என் கையில் இல்லை" என்றார்.
"போனஸை விடுங்க, சாரே.
அது உங்க மனசு.
நான் சம்பளம் பேச வந்தேன்.
மாசம் நாலாயிரம் கூட வேணும்."

அட்டையைப் படித்தார்.
மணல் வரியில் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு,
"நோக்காம். அடுத்த கொல்லம்."

அடுத்த வருடம் என்று அர்த்தம்.
எனக்கும் தெரியும்.
"கொல்லம் வண்டி எத்தனை மணிக்குங்க?" என்றேன்.
சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் பேசக்கூடாது என்று
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
வாய் வறண்டுபோய்
வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.
வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.
இரண்டாவதும் அடித்தது.
மேடை காலி. நிறுக்க ஆள் இல்லை.
மூன்றாவது ஹாரனுக்கு அவர்தான் பேசினார்:
"ஆயிரத்து ஐந்நூறு."
"போரா."

இரண்டாயிரத்து இருநூறில் நின்றது, ஜனவரியிலிருந்து.
கொச்சியில் ஒப்புதல் வாங்கவேண்டுமாம்.
"வாங்குங்க. இதை எழுதிக் கொடுங்க."
எழுதினார்.
தேதி போடாமல் நீட்டினார்,
தேதி போடவைத்தேன்.

இரவு கடைசி லாரியும் போனபின்
காகிதத்தோடு மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
காகிதத்தை நாற்காலியில் வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
அறுபது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

ஜனவரி வரட்டும்.
அடுத்த மாசம் தோடு வட்டியை மட்டும் கட்டவேண்டும்.
மைசூர்பா நன்றாகத்தான் இருந்தது,
தூளை ஸ்பூனில் தின்றான் பையன்.