திருப்பிக் கொடுத்தல்

புன்ட்டா அரேனஸில் காற்று மூர்க்கமாகும் நாட்களில்
தெருமுனைக் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர் பிடித்துக்கொள்ள.
என் வகுப்பறையில் அப்படியொரு கயிறு இல்லை.
முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.
முப்பத்திரண்டாவதாக ஜன்னல்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தது:
'செவிமடுத்தல், ஏழு படிகள்.'
முதல் படி, பேசுபவரின் கண்ணைப் பார்.
இரண்டாவது, தலையசை.
மூன்றே நாளில் தலையசைக்கத் தேறிவிட்டார்கள்.
கண் என் மீது, தலை தாளத்தில்,
காது மட்டும் மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தது.
ரூபென் எல்லோரையும்விட அழகாக அசைப்பான்.
நான் என்ன சொன்னேன் என்றால்
"நல்லதுதானே சொன்னீங்க" என்பான்.

தாளை இழுப்பறையில் போட்டுவிட்டு
ஒரே ஒரு விதி வைத்தேன்.
முன்னவர் சொன்னதை முதலில் அவரிடமே திருப்பிக் கொடு,
இரவல் வாங்கிய சைக்கிளைப் போல,
மணியைக் கழற்றாமல், வேறு நிறம் பூசாமல்.
'ஆமாம், இதுதான்' என்று அவர் சொன்ன பிறகு
உன் வாய் உன்னுடையது.

வியாழக்கிழமை எலிசெயோ எழுந்தான்.
எழுபவனே அல்ல.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
'கவனமின்மை' நான்கு முறை, என் கையெழுத்தில்.
"ஓவேரோ நாலு நாளா வீட்டுக்கு வரல."
அடுத்தது யாஸ்னா.
"நாயை நினைச்சு உனக்கு வருத்தமா இருக்கு."
"நான் அப்படிச் சொல்லல."
"தேடினா கிடைச்சிடும்னு..."
"அதையும் சொல்லல."
பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி,
துணைக்கு ஆளில்லாமல் உட்கார்ந்துகொண்டது.
யாஸ்னா உதட்டைக் கடித்தாள்.
ஆறுதலை எடுத்து ஓரமாக வைத்தாள்,
அதன் மேல் அறிவுரையை,
அதற்கும் மேல் தன் வீட்டுப் பூனையின் கதையை.
எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது
அவன் சொன்னது.
"ஓவேரோ. நாலு நாள். வீட்டுக்கு வரல."
"ஆமாம்" என்றான். "இதுதான்."

இனி அவள் பேசலாம். பேசவில்லை.
ஹீட்டர் ஒருமுறை இருமியது.
அப்போது, யாரும் வினவாமல்,
எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, அவன்:
"வெளிக்கதவைத் தாழ் போடாம விட்டது நான்தான்.
அப்பாவுக்குத் தெரியாது."

முப்பது தலைகள்.
ஒன்றுகூட அசையவில்லை.

இந்த இடத்தில் மணி அடித்திருக்கலாம்.
அடிக்கவில்லை. வட்டத்தில் அடுத்த நாற்காலி என்னுடையது.
எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.
வீட்டுப்பாடம் எங்கே என்று அவனைக் கேட்டேன்.
கேட்டேன் என்றால் வினவினேன், அவ்வளவுதான்.
அவன் நாய் என்று ஏதோ ஆரம்பித்தான்.
"ஓ, நாய் தின்றுவிட்டதா?" என்றேன்.
வகுப்பே சிரித்தது.
நல்ல சிரிப்பு. எனக்கும் பிடித்திருந்தது.

இப்போது அவன் வாக்கியத்தை அவனிடம் தர வேண்டும்.
துழாவினேன்.
என் நகைச்சுவை முழுசாக இருக்கிறது, கேள்விக்குறி உட்பட.
அவனுடையதில் ஒரு சொல்லுக்கு மேல் இல்லை.
"தொலைச்சிட்டேன்" என்றேன்.
"திங்கட்கிழமை நீ சொன்னதை.
இன்னொரு தடவை சொல்வியா?"

திருத்த எடுத்த விடைத்தாளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
"இப்ப வேணாம், டீச்சர்."

தொண்டை வரை வந்துவிட்டது ஒரு 'பரவாயில்லை'.
விழுங்கினேன்.
"இப்ப வேணாம்" என்றேன்.
"ஆமாம்" என்றான்.

மாலையில் அந்தத் தாளை எடுத்தேன்.
கடைசிக் கட்டம் காலியாக இருந்தது:
'மாணவரிடம் காணப்பட்ட முன்னேற்றம்.'
வெளியே ரூபென் கயிற்றைப் பிடித்தபடி
எலிசெயோவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.
அவன் வீடு அந்தப் பக்கம் இல்லை.

எழுதினேன்:
ஓவேரோ இன்னும் வரவில்லை.
வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள்,
இடது காது மடிந்திருக்கும்.
இது ரூபென் கேட்டு வந்து சொன்னது.