கடிக்கிறது குரைக்காது

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
சமையலறை மேசையில் ஒரு தாள்.
பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்குப் பயணத்துக்கு அனுமதி:
பெயர், தேதி, அவசரத்துக்கு ஒரு எண், கையெழுத்து.
நாலு கோடு. இருபது நொடி வேலை.
பதினொரு நாளாக அங்கேயே கிடக்கிறது.
அதன்மேல் தேநீர்க் கோப்பை வைத்து எடுத்த
வட்டம் மட்டும் மூன்று.

சோம்பல் என்று சொல்லாதீர்கள்.
சோம்பேறி படுத்துக் கிடப்பாள், சுகமாக.
நான் இந்தப் பதினொரு நாளில்
மசாலாப் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டினேன்,
சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் என்று
வரிசை குலையாமல்.
இரவு இரண்டு மணிக்கு
ஆந்தை தன் தலையை எவ்வளவு தூரம் திருப்பும்
என்று படித்து முடித்தேன்.
பேனை தேடிப் போன இடத்தில்
அலுமாரிக் கதவு தளர்ந்திருக்கக் கண்டு
திருகாணி முடுக்கி
கை துடைத்துத் திரும்பி வந்து
எதற்குப் போனேன் என்று நின்றேன்.

கவனக்குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார் மருத்துவர்,
என் நாற்பத்திரண்டாவது வயதில்.
குறைவா?
சந்தையில் அத்தனை கடைக்காரரும்
ஒரே குரலில் கூவினால்
நீங்கள் எந்தக் கடைக்குப் போவீர்கள்?
மின்கட்டணம் கூவுகிறது.
பல் வைத்தியரின் குறுஞ்செய்தி, ஊறப்போட்ட உளுந்து,
வேலியில் ஓடும் அணில்,
எல்லாம் ஒரே உயரம், ஒரே சத்தம்.
குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்.
எனக்கு வாய்த்த சிக்கல் அதன் மறுபாதி:
கடிக்கிற நாய் குரைப்பதே இல்லை.
தாளாக மடிந்து
கோப்பைக்கு அடியில் படுத்திருக்கும்.

நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன்.
கையெழுத்து இருந்தது.
என்னுடையது.
அவசரத்தில் நான் எப்போதும் அரைகுறையாய் விடும்
கடைசி வளைவு மட்டும்
அதில் முழுதாக இருந்தது.

கணக்குக் கொப்பியில் மூன்று பக்கம்
பழகிப் பார்த்திருக்கிறான் கீரன்.
ஒன்பது வயது.
"உங்களுக்கு ஒரு வேலை குறையட்டும் எண்டுதான், அம்மா."
கோபம் வந்திருக்கலாம். வரவில்லை.
போன முறை பேருந்து இவனை விட்டுப் போனபின்
வகுப்பில் தனியே இருந்து வரைந்த படத்தை
அவன் எனக்குக் காட்டவில்லை.
பையின் அடியில், வாழைப்பழத் தோலோடு,
நான்தான் கண்டெடுத்தேன்.
காலி இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும்
நிழல்கூடப் போட்டிருந்தான்.

பிராண்டனில் இருக்கும் ஜெயரூபியை அழைத்தேன்.
"புத்தி சொல்லாதே. சும்மா இரு."
அவள் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவிட்டு
உள்ளி உரிக்கத் தொடங்கினாள்.
தோல் உதிரும் சரசரப்பு.
பக்கத்தில் ஒரு மூச்சு இருந்தால் போதும்,
என் மூளை எங்கும் ஓடாது,
வாலைச் சுருட்டிக் காலடியில் படுக்கும்.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
வெட்கமாக இருந்த காலம் உண்டு.

ஒன்றே ஒன்று கேட்டாள், நிமிராமல்:
"உதுகளுக்குள்ள எது நாளைக்குக் கடிக்கும்?"

அவன் கையெழுத்தை நான் வெட்டவில்லை.
கீழே என்னுடையதைப் போட்டேன்,
வளைவை முழுதாக இழுத்து.
ஓரத்தில் ஆசிரியைக்கு ஒரு வரி:
மேலே இருப்பது மகன், கீழே இருப்பது தாய்.
பிழை கீழே இருப்பவளுடையது.
அவசர எண்ணுக்கு என் எண்ணைப் போட்டு,
ஒருகணம் யோசித்து,
ஜெயரூபியின் எண்ணையும் எழுதினேன்.
இருபது நொடி வேலைக்கு ஒன்பது நிமிடம்.

பைக்குள் வைத்தால் இருவரும் மறப்போம்.
அவன் பனிச்சப்பாத்துக்குள் சொருகினேன்,
கால் போகுமுன் தடுக்குமாறு.

"முடிஞ்சுதா?"
"ஒண்டு."
"கரண்ட் காசு?"
"உனக்கு உள்ளி எவ்வளவு மிச்சம்?"
"ரெண்டு பூடு."
"அப்ப வைக்காதை."