இரவு இரண்டு மணி வழித்தடம்

போன வருடம் பதினான்கு பண்ணைகள்.
இப்போது ஒன்பது.
லாரி அதே லாரி.
ஃப்ரீஸ்லாந்தின் இருட்டும் அதே இருட்டு,
நிறுத்தங்களுக்கு நடுவில்
கொஞ்சம் நீண்டுவிட்டது.

ஹில்கேயின் பண்ணை இரண்டாம் பாலம் தாண்டி.
நூற்றுப் பத்து மாடுகள்.
காற்றில் ஏறும் நைட்ரஜனை எடைபோட்டு
அரசாங்கம் ஒரு விலை சொன்னது.
மூன்று மாதம் அந்தக் காகிதம்
ரேடியோவின்மேல் கிடந்தது.
ஒரு வியாழக்கிழமை கையெழுத்திட்டான்.
திங்களன்று இரண்டு வண்டிகள் வந்தன,
என்னுடையது அல்ல.

அன்றிரவு பழக்கதோஷத்தில்
அவன் பாதையில் திரும்பிவிட்டேன்.
தொழுவத்தில் விளக்கு எரிந்தது.
சாணம் வழிக்கும் எந்திரம்
மணிக்கொருமுறை தானே புறப்பட்டு
காலித் தரையை
அக்கறையாக வழித்துக்கொண்டிருந்தது.
நிறுத்த மறந்துட்டேன், என்றான்.
மனம் வரவில்லை என்பதை
எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

குளம்பு செதுக்கும் யெல்மருக்கு
மாதத்தில் எட்டு நாள் வேலை இல்லை.
தீவனக் கடைக்காரர் கிடங்கில் பாதியை
கேரவன் நிறுத்த வாடகைக்கு விட்டார்.
அங்கே கூரை முட்ட சோயா குவிந்திருக்கும்,
கப்பலில் வந்தது.
எந்தக் காடு இருந்த இடத்தில் விளைந்தது
என்று நான் கேட்டதில்லை.
டாங்க் நிரம்பியதா என்றுதான் கேட்பேன்.

என் மகள் ஃப்ரௌக்கே
மூன்று வருடமாக இறைச்சி தொடுவதில்லை,
பாலும் இல்லை.
நீ படித்த பணம் எந்த மடியில் கறந்தது தெரியுமா
என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.
உப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.
அவ்வளவுதான்.

ஹில்கே பன்னிரண்டு ஹெக்டேரில்
மொச்சை விதைத்தான்.
முதல் வருட மழையில் பாதி கறுத்துப்போனது.
மாடாவது உதைக்கும், என்றான்,
இது சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிறது.
ஆலை கொடுத்த விலை விதைக்குச் சரி,
உழைப்புக்கு இல்லை.
இரண்டாம் வருடம் பூத்தது.
வெள்ளை இதழில் கருப்புத் திட்டு,
அவன் விற்ற மாடுகளின் நிறம்.
இரண்டு பேரும் பார்த்தோம்.
இரண்டு பேரும் சொல்லவில்லை.

அவன் வாய்க்காலில் பாசி விலகிவிட்டது.
இப்போது அடி தெரிகிறது:
ஒரு சைக்கிள், சேணம் இல்லாமல்.
தண்ணீர் தெளிந்தால்
மீன்தான் தெரியும் என்று யார் சொன்னது.
இல்லை, மீனும் இருக்கிறது.
சக்கரத்தின் கம்பிகளுக்குள்
விரல் நீளத்தில் நாலைந்து.

புதன்கிழமைகளில் என் டாங்கை
கொதிநீரில் இருமுறை கழுவி
ஓட்ஸ் பானம் ஏற்றுகிறார்கள்.
பால் என்று எழுதக் கூடாது, சட்டம்.
ரசீதில் திரவம் என்று எழுதுகிறேன்.
பாலத்து வளைவில் திரும்பும்போது
பின்னால் அது அலைமோதும் சத்தம்.
கண்ணை மூடினால் பால்தான்.

ஓட்டும்போது
கண்ணை மூட முடியாது.