முன்பக்கப் பெயர்

முதலில் அவன் மத்தி மீன் டப்பா.
மூன்று பருவம்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்து
பெயின்ட் ஆனான்.
உயரமான ஒருவனுக்கு ஈடாக
இவனோடு இன்னொருவனையும் சேர்த்துக் கொடுத்தார்களாம்.
அப்புறம் நூடுல்ஸ். அப்புறம் பெட்ரோல்.

பனியனின் முதுகில் மட்டும் மாறாமல்
மக்பானுவா.

இலோய்லோவில் அம்மாவின் பெட்டிக்கடை
அவனோடு கட்சி மாறிக்கொண்டே இருந்தது.
மத்தி பின்னுக்குப் போய்
நூடுல்ஸ் முன்வரிசைக்கு வந்தது.
பெயின்ட் வருஷத்தில் விற்க ஒன்றுமில்லை,
கதவுக்கு நீலம் அடித்தாள்.

பதினோரு வருஷம்.
ஆட்டத்துக்கு ஆறு நிமிடம், நான்கு ஃபவுல்.
இடிப்பதற்குத்தான் சம்பளம்.
மீதி நேரம் பெஞ்சில்
துண்டைச் சுழற்றிக் கத்துவான்.

முழங்கால் போனதும்
எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை.

இந்த மே மாதத் திருவிழாவில்
பக்கத்து ஊருக்காகக் கூலிக்கு ஆடினான்.
பனியனின் நெஞ்சில் ஒரு கவுன்சிலரின் சிரிப்பு.
முதுகில் மக்பனுவா,
கால் ஒன்று விழுந்துபோய்.
அதைப் போட்டுக்கொண்டு
வாழ்வில் முதல்முறை
நாற்பது நிமிடமும் ஆடினான்.

இரவு அம்மா கேட்டாள்:
"இப்போ முன்னால எதை வைக்கட்டும்?"

"இரும்மா" என்றான்.
ஜெயித்த பன்றி
டிரைசிக்கிளில் ஏற மறுத்துக்கொண்டிருந்தது.