பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன், தேவகோட்டை.
ஆளொன்று குறைய
என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

பக்கத்தில் இஞ்ஞாசி.
ஆத்தங்குடிக் கல் வார்க்கிற கால்,
நகக்கண்ணெல்லாம் காவிச் சாயம்.
அவன் சும்மா நீட்டிவிட்டான்.

நான்தான்
பித்தவெடிப்பை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்.
கழுவச் சொல்லியிருந்தால் குனிந்திருப்பேன்,
நாலுபேர் பார்க்க.

முழந்தாளில் நகர்ந்து வந்தவர்
ஆயருக்கு நான் மொட்டைக்கடுதாசி போட்ட
அதே சின்னச் சாமியார்.
குதிகாலை ஏந்திய கை நடுங்கவில்லை.
கால்தான் நடுங்கியது.
தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.
துடைத்தார். முத்தி செய்தார்.
எழுந்து பீடத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்தால் செருப்பைக் காணோம்.
போன வாரம்தான் வாங்கியது.
பூட்டிய பெரிய வீடுகள் நெடுக,
சூடாறாத தார்ச்சாலையில்
வெறுங்காலோடு நடந்தேன்.
இரண்டு தெரு தாண்டித்தான் உறைத்தது:
யாரிடமும் நான் விசாரிக்கவே இல்லை.