விலக்கப்பட்டவை

எஞ்சின் முந்நூற்றுப் பத்து வெள்ளி.
இன்னும் அறுபத்திரண்டு போட்டால்
உத்தரவாதம் மூன்றாண்டுக்கு நீளும் என்றார் செங் ஹுவாட்,
பிராஸ் பசாவில் லிஃப்ட் நிற்காத மாடியில்
கடை வைத்திருப்பவர்.
என் உள்ளங்கையில் கிடந்தது அது,
ஒரு கோழிமுட்டையின் எடையில்.

தாளைக் கொடுங்கள் என்றேன்.
பீஷான் பணிமனையில் எனக்கு இரவு வேலை.
கடைசி ரயில் வந்து படுத்த பிறகு
அதன் வயிற்றுக்குக் கீழே நின்று
எது தேய்ந்திருக்கிறது, எது தேயப்போகிறது என்று
டார்ச் அடித்துப் பார்ப்பவன்.
தேய்கிறவை எவை என்று தெரியும்.
அத்தனையும் அந்தத் தாளில்
'பொருந்தாது' என்ற வரிக்குக் கீழே இருந்தன:
கார்பன் பிரஷ், சக்கரத்து ரப்பர் வளையம்,
தூசி, கீழே விழுதல்,
ஈரப்பதத்தால் வரும் கோளாறு.

ஈரப்பதம்!
பிஸ்கட் டின்னை மூட மறந்தால்
மாலைக்குள் பிஸ்கட் துணியாகிவிடுகிற ஊரில்
ஈரப்பதத்தைக் கழித்துவிட்டால்
வேறு எதனால் கெடும் ஐயா ஒரு பொருள்?
பழுதானால் ஒசாகாவுக்கு அனுப்பும் செலவும் நம்முடையதாம்.
சுண்டைக்காய் கால் பணம்.

போனில் முபாரக் வேறு மாதிரி சொன்னான்:
யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழாதே.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
பணிமனையில் ஆயிரம் மோட்டார்கள்.
நூற்றுக்கு இத்தனை கெடும் என்று
சராசரி அங்கே வாய் திறந்து பேசும்.
ஒரே ஒரு எஞ்சின் வைத்திருப்பவனிடம்
சராசரி முகம்கொடுத்துப் பேசுவதில்லை.
அவனுக்கு ஒன்று ஓடும், அல்லது ஓடாது.

பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.
மூன்றாண்டு என்ற சொல்தான் கையைப் பிடித்தது.
என் வேலை அனுமதியில் மிச்சம்
பதினான்கு மாதம்.

இந்த ஊரில் காருக்குப் பத்தாண்டு,
வீவக வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது,
சுவா சூ காங்கில் புதைகுழிக்குக்கூடப் பதினைந்துதான்.
யாரும் இதற்காக அழுவதில்லை.
ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.
நான் போன பிறகும்
இருபத்திரண்டு மாதம் இங்கே செல்லுபடியாகும்
ஒரு காகிதத்தை நினைத்துப் பார்த்தேன்.
எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.
செங் ஹுவாட்டும் சிரித்தார், காரணம் கேட்காமல்.

அறுபத்திரண்டு வெள்ளியை மைலோ டின்னில் போட்டேன்.
உடைந்தால் இதிலிருந்து எடுத்துக்கொள்.
என் உத்தரவாதம், என் கையெழுத்து.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அடியில் ஒரு திருகின் மேல் வெள்ளி ஸ்டிக்கர் இருந்தது,
அரிசி அளவு:
கிழித்தால் எதுவும் செல்லாது.
முதல் இரவே கிழித்துவிட்டேன்.
கெட்டுப்போகவில்லை. சும்மா.
ஆறு பெட்டி ரயிலின் அடிவயிற்றைப் பார்த்துப் பழகியவனுக்கு
இதன் பல்சக்கரம் எப்படி இருக்குமென்று
பார்க்காமல் தூக்கம் வரவில்லை.
மூன்றாண்டு, முப்பதாண்டு எது வாங்கியிருந்தாலும்
அன்று இரவு இரண்டு மணியோடு முடிந்திருக்கும்.

ஒன்பதாம் மாதம்
மடக்குமேசைத் தண்டவாளத்தின் வளைவில் நின்றுபோனது.
திறந்தேன்.
அச்சைச் சுற்றி நீளமாக ஒரு நரைமுடி.
எனதில்லை. முபாரக்குக்கு வழுக்கை.
வீட்டுக்காரம்மா லியோங்குடையது,
கூடத்து மின்விசிறி கொண்டுவந்து போட்டிருக்கும்.
இடுக்கியால் உருவி எடுக்க நாற்பது நிமிடம்.
அறுபடாமல் முழுதாக வந்தது.

தலைமுடி பொருந்தும் என்றும்
பொருந்தாது என்றும்
அந்தத் தாளில் எங்கும் இல்லை.

டின்னில் இப்போது ஐம்பத்தேழு வெள்ளி.
எண்ணெய்க்கு ஐந்து போயிற்று.
அனுமதி நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.
எஞ்சின் ஓடுகிறது,
வளைவில் மட்டும் லேசாக ஒரு சத்தம்.