ஏழாம் மடை

ஆடிக் கொடை. தாராவி, தொண்ணூறடிச் சாலைக்குப் பின்சந்து.
வில்லில் மணி குலுங்க
நீருக்குள் இருக்கும் ஊருக்கு இறங்குவாள் நீலவடிவு,
மூழ்கிய தம்பியை மீட்டு வர.
முதல் மடையில் கொலுசு போகும்.
இரண்டில் கூந்தல்.
ஆறாவதில் நிழலும் போய்விடும்.
பாட்டுக்காரர் குரலை உயர்த்துவார்:

    ஆறு மடை தாண்டிவந்தேன் நீர்க்காவலா – என்
    தம்பியைத் தா, திரும்பிப்போறேன் நீர்க்காவலா
    ஏழாம்மடைத் தாழ்திறக்க நீர்க்காவலா – இன்னும்
    என்னவிலை கேட்கிறாய் நீ நீர்க்காவலா

அப்போது மணி பத்தாகும்.
ஹவல்தார் வந்து மைக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்.
வில்லைச் சாய்த்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள்.
மறுவருஷம், மறுபடி கொலுசிலிருந்து.

விலை கேட்டு, பதில் வராமல்,
எனக்கு ஏழு வயதானதிலிருந்து
அவள் தண்ணீருக்குள் நிற்கிறாள்.
அதனால்தான் நாவல் எழுதினேன்.
பெரிய காரணம் வேறொன்றும் இல்லை.

அந்தேரியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை எனக்கு,
ரத்தக்குழாய்களில் பேர் ஒட்டுவது.
எழுதியதெல்லாம் ரயிலில், செல்போனில், கட்டைவிரலால்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நீருக்குள் ஊருக்கு மித்தி ஆற்றின் நிறம் கொடுத்தேன்,
கோட்டைச் சுவருக்கு நீலத் தார்ப்பாய்.
பதிப்பாளர் சொன்னார்: இளையோர் படிப்பது,
ஒரு வாள் இருக்கட்டும், முடிந்தால் ஒரு காதலன்.
வாள் கொடுத்தேன்.
எட்டாம் அத்தியாயத்தில் அதை விற்றுத்
தம்பிக்குச் சட்டை வாங்கிவிட்டாள்.
காதலனை அவளே வேண்டாம் என்றாள்.

ஏழாம் மடையின் விலை மட்டும் பிடிபடவில்லை.
கண், குரல், உயிர்
எல்லாம் வேறு கதைகளில் விற்றுத் தீர்ந்தவை.

ஒருநாள் லேபிள் இயந்திரம் பழுது.
நாற்பது குழாய்கள் பேரில்லாமல் நின்றன.
இளஞ்சூட்டோடுதான் இருந்தன.
யாருடைய ரத்தமும் இல்லை, கொட்டிவிடு என்றார்கள்.
அன்றிரவு எழுதினேன்:
"உன் பேர்" என்றான் காவலன்.
கொடுத்தாள். தாழ் திறந்தது.
அடுத்த வரி வரவேயில்லை.

பாந்த்ரா தாண்டி, மாகிம் கழிமுகப் பாலத்தின் மேல்,
கடைசி ஸ்லோ வண்டி நின்றது.
மழை.
பெண்கள் பெட்டியில் நான், கூடைக்குமேல் தூங்கும் ஒரு மீன்காரி,
துப்பாக்கியோடு கொட்டாவி விடும் ஒரு போலீஸ்காரர்.
கதவருகே
மொட்டைத்தலைப் பெண் ஒருத்தி
சொட்டச் சொட்ட ஏறினாள்.
இடுப்பில் ஒரு பையன், புதுச்சட்டை.
விளக்கு அவளைத் தாண்டித் தரையில் விழுந்தது.

"நாவ் காய்?" என்றார் போலீஸ்காரர்.
அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.
என்னைப் பார்த்தாள்.
கெஞ்சல் இல்லை அதில்.
கடன் கொடுத்தவள் பார்க்கும் பார்வை.

எழுந்து நின்று
என் பேரைச் சொன்னேன்,
அவளுடையது போல.
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.
மாகிமில் இறங்கிப் போனார்கள், இரண்டு பேரும்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை.
அம்மா எப்போதும் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவாள்.
புத்தகம் வந்தது. தலைப்புக்குக் கீழே வெறும் இடம்.
அச்சுப்பிழை என்றார் பதிப்பாளர்,
சரியான பேரை அனுப்புங்கள் என்றார்.
இன்றுவரை அனுப்பவில்லை.
எதை அனுப்ப?

இந்த ஆடியிலும் பத்து மணிக்கு மைக் அணைந்தது.
டீக்கடைக் கூட்டத்தில் ஒரு சின்னப் பையன்
புதுச்சட்டையில்.
நான் போய்ப் பேசவில்லை.

போன செவ்வாய், காலை நேர ட்ரேயில்
மூன்றாவது குழாய்க்கு ஒட்ட வந்த லேபிளில்
என் பேர்.
நேராக ஒட்டினேன், சுருக்கம் விழாமல்.
மாலையில் முடிவைத் திறந்து பார்த்தேன், பார்க்கக் கூடாதுதான்.
ஹீமோகுளோபின் ஒன்பது.
குறைவு.
கீரை சாப்பிடச் சொல்ல வேண்டும் யாராவது.